ஹீலியம் ஏன் எதோடும் சேர்வதில்லை? மந்த வாயுக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ மாணவர்கள், ஆர்கான் வைத்து வெல்டிங் செய்பவர்கள், பலூன் சிலிண்டர் வாங்குபவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. ஒருமுறை விளக்கியது பின்னால் தேவைப்பட்டால் அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் சொல்லியிருக்கிறோம். நேரம் குறைவாக இருப்பவர்கள் 2-ஆம் கேள்வியை மட்டும் தவறவிடாதீர்கள். மற்ற பதில்கள் பலவும் அதில்தான் நிற்கின்றன.

1. மந்த வாயு என்று எவற்றைச் சொல்கிறோம்? நாம் சுவாசிக்கிற காற்றில் அவை இருக்கின்றனவா?

ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான் ஆகிய ஆறும்தான். தனிம அட்டவணையின் 18-ஆம் தொகுதி. காற்றில் ஆர்கான் மட்டும் 0.93% இருக்கிறது; கார்பன் டை ஆக்சைடைவிட இருபது மடங்குக்கும் அதிகம். மற்றவை சொற்பம்: பத்து லட்சம் பங்கு காற்றில் நியான் 18, ஹீலியம் 5, கிரிப்டான் 1. செனான் 0.1 பங்குகூட இல்லை.

இவ்வளவு ஆர்கான் கண்ணெதிரே இருந்தும் 1894 வரை அது யாருக்கும் பிடிபடவில்லை. 1785-இல் கேவண்டிஷ் காற்றில் ஆக்சிஜனைச் சேர்த்து மின்பொறி செலுத்தி, நைட்ரஜன் முழுவதையும் வினைபுரியச் செய்து நீக்கினார். கடைசியில் எடுத்துக்கொண்ட நைட்ரஜனில் 120-இல் ஒரு பங்குக்கு மேற்படாத ஒரு குமிழி எதற்கும் மசியாமல் மிஞ்சியது. அது என்ன என்பது தெரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், சேர்மங்களிலிருந்து தயாரித்த நைட்ரஜனைவிட அரை சதவீதம் கனமாக இருப்பதை இயற்பியலாளர் ரேலி கவனித்தார். அவரும் வேதியியலாளர் ராம்சேயும் சேர்ந்து அந்த அதிக எடைக்குக் காரணம் ஆர்கான் என்று காட்டினார்கள். ஹீலியத்தின் கதை இன்னும் விசித்திரம். 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் ஜான்சனும் மசூலிப்பட்டினத்தில் போக்சனும் நிறமாலைமானி (ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தார்கள். அப்போது தெரிந்த மஞ்சள் கோடுதான் ஹீலியத்தின் முதல் தடயம். பூமியில் அதை ராம்சே பிரித்தெடுத்தது 1895-இல். எந்தச் சேர்மத்திலும் இல்லாத ஒன்றை வேதியியலாளர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

2. சரி, ஏன் எதோடும் சேர மாட்டேன் என்கிறது? எளிமையாகச் சொல்லுங்கள்.

இதை வரவு செலவுக் கணக்காகப் பாருங்கள். பிணைப்பு உருவாக ஓர் அணு எலக்ட்ரானைக் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும், அல்லது பங்கிட வேண்டும். அதற்கு ஆகும் ஆற்றல் செலவு. பிணைப்பு உருவாகும்போது வெளிப்படும் ஆற்றல் வரவு. செலவைவிட வரவு அதிகமானால்தான் சேர்மம் நிலைக்கும்.

ஹீலியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 2372 கிலோஜூல் வேண்டும். எல்லாத் தனிமங்களிலும் இதுவே உச்சம். ஒப்பிட, சோடியத்துக்கு 496 போதும். வலுவான ஒற்றைப் பிணைப்புகளில் ஒன்றான ஹைட்ரஜன்–ஃபுளூரின் பிணைப்பே தருவது 570 அளவில்தான். ஹீலியம் எலக்ட்ரானை வாங்கவும் செய்யாது: உள்ளே இடமில்லை, அடுத்த எலக்ட்ரான் கூடோ வெகு உயரத்தில் இருக்கிறது. ஆக, எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம்.

எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் இந்தச் செலவுக்கு அயனியாக்கும் ஆற்றல் என்று பெயர். அது எல்லா மந்த வாயுக்களுக்கும் ஒன்றல்ல. நியான் 2081, ஆர்கான் 1521, கிரிப்டான் 1351, செனான் 1170, ரேடான் 1037. கீழே போகப் போக அணு பெரிதாகிறது, வெளி எலக்ட்ரான்கள் அணுக்கருவிலிருந்து விலகி நிற்கின்றன, பிடி தளர்கிறது. மந்தத்தன்மை என்பது இருக்கிறது, இல்லை என்று இரண்டே நிலைகள் கொண்டதல்ல. அதில் படிநிலைகள் உண்டு. பாடப்புத்தகங்கள் இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சந்தேகங்கள் எழவே எழாது.

3. எட்டு எலக்ட்ரான் இருந்தால்தான் நிலையானது என்று படித்தோம். ஹீலியத்துக்கு இரண்டுதானே இருக்கிறது?

எட்டு என்பது காரணம் அல்ல, அடையாளம். வெளிக்கூட்டின் எஸ், பி ஆர்பிட்டால்கள் (கூட்டுக்குள் எலக்ட்ரான் தங்கும் இடங்கள்) நிரம்பினால் மொத்தம் எட்டு வருகிறது. முதல் கூட்டில் பி ஆர்பிட்டாலே கிடையாது. இரண்டு எலக்ட்ரானில் அது நிரம்பிவிடுகிறது. அடுத்த காலி இடத்துக்கு ஏற எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

4. இரண்டு வெளி எலக்ட்ரான் உள்ள பெரிலியமும் மெக்னீசியமும் இரண்டாம் தொகுதியில் இருக்க, ஹீலியத்தை மட்டும் ஏன் 18-இல் வைத்தார்கள்?

பெரிலியத்தில் 2எஸ் எலக்ட்ரான் ஒன்றைப் பக்கத்து 2பி-க்கு ஏற்ற சுமார் 2.7 எலக்ட்ரான்வோல்ட் (ஒற்றை அணுவின் ஆற்றலை அளக்கும் அலகு) போதும். பிணைப்பு உருவாகும்போது அது எளிதில் திரும்பக் கிடைத்துவிடும். ஹீலியத்தில் 1எஸ்-இலிருந்து 2எஸ்-க்கு ஏறவே 19.8 எலக்ட்ரான்வோல்ட். எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்று என்றாலும் விலை ஏழு மடங்கு. அட்டவணையில் இடம் தருவது குணத்தைப் பார்த்து என்பதால் 18-தான் பொருத்தம்.

5. ஹைட்ரஜன், ஆக்சிஜன் எல்லாம் இரண்டிரண்டாகச் சேர்கிறதே, இரண்டு ஹீலியம் சேராதா? சேராவிட்டால் திரவ ஹீலியம் எப்படி வருகிறது?

இரண்டு ஹீலியம் அணுக்களை அருகில் கொண்டுவந்தால் நான்கு எலக்ட்ரான்கள். இரண்டு பிணைக்கும் ஆர்பிட்டாலிலும் இரண்டு பிணைப்பை எதிர்க்கும் ஆர்பிட்டாலிலும் போய், ஒன்றை ஒன்று அழித்துவிடுகின்றன. பிணைப்புத்தரம் பூஜ்ஜியம். ஆனால் ஓர் எலக்ட்ரானை நீக்கிவிட்டால் பிணைப்புத்தரம் அரை ஆகிறது. அந்த நேர்மின் அயனி மின்னிறக்கக் குழாயில் உண்மையிலேயே உருவாகிறது.

திரவமாக்கும்போது அணுக்களைச் சேர்த்துப் பிடிப்பது வேதிப் பிணைப்பு அல்ல, வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு. எலக்ட்ரான் மேகம் எவ்வளவு எளிதாகக் குலுங்குகிறதோ அவ்வளவு ஈர்ப்பு. ஹீலியத்தின் மேகம் சிறியது, இறுகியது, அதனால் 4.2 கெல்வினில்தான் கொதிக்கிறது. செனானின் மேகம் பெரியது, 165 கெல்வின். இந்த வேறுபாடு 10-ஆம் கேள்வியில் மறுபடி வரும்.

6. நைட்ரஜனும் எதோடும் சேராதுதானே? விலையும் குறைவு. டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையில் மின்வில் உண்டாக்கி ஒட்டும் முறை) ஏன் ஆர்கான்தான் வேண்டும் என்கிறார்கள்?

நைட்ரஜன் மந்தமாகத் தெரிவதற்குக் காரணமே வேறு. அதன் இரண்டு அணுக்களும் மோலுக்கு 945 கிலோஜூல் வலுவுள்ள முப்பிணைப்பால் கட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கட்டு அவிழாதவரைதான் அமைதி. வெல்டிங் மின்வில்லின் வெப்பத்தில் கட்டு அவிழ்ந்துவிடும். தனித்த நைட்ரஜன் அணு நல்ல வினைத்திறன் கொண்டது. டைட்டானியத்தோடு சேர்ந்து நைட்ரைடு ஆகி உலோகத்தை நொறுங்கவைக்கும். எஃகில் துளைகள் விழும். எரியும் மெக்னீசியம் நைட்ரஜனுக்குள்ளும் எரிந்துகொண்டே இருக்கும். லித்தியம் சாதாரண வெப்பநிலையிலேயே நைட்ரைடு ஆகத் தொடங்கும். லித்தியம் உலோகத்தைக் கையாளும் கையுறைப் பெட்டிகளில் ஆர்கான் நிரப்புவது அதனால்தான். ஆர்கானில் அவிழ்க்கக் கட்டே இல்லை. அது தனி அணு.

சிப்ஸ் பாக்கெட்டுக்கு நைட்ரஜன் தாராளமாகப் போதும். எவ்வளவு சூட்டில், எந்தப் பொருளோடு வைக்கிறோம் என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஹீலியம், ஆர்கான் இரண்டும் மந்தமே என்றாலும் வில்லில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 2-ஆம் பதிலில் உள்ள எண்களைப் பாருங்கள்: ஆர்கானை அயனியாக்குவது மலிவு, அதனால் வில் சட்டென்று பற்றி நிலையாக நிற்கும். ஹீலியத்தில் வில் பற்றச் சிரமம், வோல்டேஜ் அதிகம் வேண்டும். பதிலுக்குச் சூடும் அதிகம். தடித்த அலுமினியம், செம்புக்கு இரண்டையும் கலந்து விடுவது அதற்காகத்தான்.

7. ஆர்கான் விட்டும் வெல்டு கறுத்துப்போகிறது, துளை விழுகிறது. கேஸ் சரியில்லையா?

பெரும்பாலும் ஆர்கான் மேல் தப்பிருக்காது. அதோடு காற்று கலந்திருக்கும். முதலில் ஓட்டத்தைப் பாருங்கள். சாதாரண டிக் வேலைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர். அதிகம் விட்டால் பாதுகாப்பும் அதிகம் என்று 20, 25 என்று திறந்துவிடுகிறார்கள். நாசிலை விட்டு வரும் வாயு சுழித்துக்கொண்டு பக்கத்துக் காற்றை உள்ளே இழுக்கும், வெல்டு இன்னும் கெடும். மின்விசிறி, திறந்த கதவு, விரிசல் விட்ட பீங்கான் நாசில், தளர்ந்த குழாய் இணைப்பு, இவை அடுத்தடுத்த சந்தேகங்கள். வில்லை அணைத்ததும் டார்ச்சைத் தூக்கிவிடாதீர்கள். சூடான டங்ஸ்டனும் உருகிய குட்டையும் ஆறும்வரை வாயு ஓட வேண்டும். 10 ஆம்பியருக்கு ஒரு விநாடி என்ற கணக்கு சரியாக வரும். மிக் வெல்டிங்குக்கான கார்பன் டை ஆக்சைடு கலந்த சிலிண்டரைத் தவறிப்போய் டிக்கில் மாட்டினால், வில்லில் அது பிளந்து ஆக்சிஜன் தந்து டங்ஸ்டன் முனையைத் தின்றுவிடும்.

டைட்டானியத்தில் நிறமே சான்றிதழ். வெள்ளிப் பளபளப்பு சரி; வைக்கோல் நிறம் பரவாயில்லை; நீலம் எச்சரிக்கை; சாம்பல் அல்லது வெண்தூள் படிந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். சுமார் 430 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை முன்புறம், பின்புறம் இரண்டிலும் ஆர்கான் மூடியிருக்க வேண்டும். சிலிண்டர் கணக்கு: 47 லிட்டர் கொள்ளளவு, 150 பார் என்றால் சுமார் 7000 லிட்டர் வாயு, நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் பதினொன்றரை மணி நேரம்.

8. ஹீலியம் எரியாது என்கிறீர்கள். அப்புறம் பலூன் சிலிண்டர் எப்படி வெடிக்கிறது?

இரண்டு வழிகள். ஒன்று, வேதிவினை எதுவும் இல்லாத வெடிப்பு. 150 பார் அழுத்தத்தில் எந்த வாயு இருந்தாலும், துருப்பிடித்த அல்லது வால்வு உடைந்த உருளை உயிரைப் பறிக்கும். வாயு மந்தமாக இருக்கலாம், அழுத்தம் மந்தமல்ல. இரண்டு, உள்ளே இருப்பது ஹீலியமே இல்லை, ஹைட்ரஜன். விலை குறைவு என்பதற்காக ஹைட்ரஜன் பலூன் விற்பவர்கள் உண்டு. சிலர் உருளைக்குள்ளேயே அதைத் தயாரிக்கவும் செய்கிறார்கள். குழந்தைகள் கூடும் இடத்தில் இதைப்போல ஆபத்தான வேலை வேறில்லை.

இந்தியாவில் ஹைட்ரஜன் உருளை சிவப்பு, ஹீலியம் பழுப்பு. எரியும் வாயுக்களின் வால்வில் மரை இடப்பக்கமாக இருக்கும். நிறத்தை யாரும் மாற்றி அடித்துவிடலாம் என்பதால், பெயரெழுதாத, சோதனைத் தேதி பொறிக்காத உருளையிலிருந்து பலூன் நிரப்ப விடாதீர்கள்.

9. வினைபுரியாத வாயு என்றால் சுவாசித்தால் ஒன்றும் ஆகாதுதானே?

ஆகும். சாவு வரும். ஹீலியமோ ஆர்கானோ நஞ்சல்ல. ஆனால் அவை இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் இருக்காது. மூச்சுமுட்டும் உணர்வைத் தருவது ஆக்சிஜன் குறைவு அல்ல, உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. மந்த வாயுவைச் சுவாசிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல வெளியேறிவிடுவதால் உடல் எச்சரிக்கை தராது, நேராக மயக்கம்தான். குரல் மாற்றி விளையாடுவதற்காக ஹீலியத்தை இழுப்பதை எந்த வயதிலும் அனுமதிக்கக் கூடாது. சிலிண்டரில் நேரடியாக வாய் வைத்தால் அழுத்தத்தில் நுரையீரலே கிழியும்.

ஆர்கான் காற்றைவிட 1.4 மடங்கு கனமானது. குழி, தொட்டி, பெரிய குழாய்களின் உட்புறம் ஆகியவற்றில் தேங்கி நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் வெல்டிங் முடிந்தபின் காற்றோட்டம் கொடுத்து, ஆக்சிஜன் மீட்டரில் 19.5%-க்குக் குறையாமல் இருப்பதைப் பார்த்த பிறகே இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் சுவாசக் கருவி இல்லாமல் பின்னாலேயே இறங்காதீர்கள்; காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பது இவ்வகை விபத்துகளில் வாடிக்கை.

10. செனானை மயக்க மருந்தாகக் கொடுக்கிறார்களாம். ரேடான் புற்றுநோய் தருகிறதாம். இரண்டும் மந்த வாயுக்கள்தானே?

இரண்டிலும் வேதிப் பிணைப்பு எதுவும் இல்லை. செனானின் பெரிய எலக்ட்ரான் மேகம் (5-ஆம் பதில்) நரம்புச் செல்களின் புரதக் குழிகளில் வாண்டர்வால்ஸ் ஈர்ப்பால் ஒட்டி அமர்ந்து, அந்தப் புரதத்தின் வேலையைத் தடுக்கிறது. ஆக்சிஜனோடு 60–70% செனான் கலந்து கொடுத்தால் மயக்கம் வரும். நிறுத்தினால் மாற்றமின்றி மூச்சில் வெளியேறிவிடும். 1951-இலேயே இதை வைத்து அறுவை செய்திருக்கிறார்கள். விலைதான் பரவலாகாமல் தடுக்கிறது. மேகம் சிறிதான ஹீலியத்துக்கு இந்தக் குணம் இல்லை. ஆழ்கடலில் மூழ்குவோர் நைட்ரஜனுக்குப் பதில் ஹீலியம் கலந்து சுவாசிப்பது அதனால்தான்.

ரேடானின் கெடுதல் அணுக்கருவிலிருந்து வருகிறது. 3.8 நாளில் பாதி சிதைந்து பொலோனியம், ஈயம், பிஸ்மத் என்று மாறுகிறது. அவை மந்தமானவை அல்ல. தூசியில் ஒட்டி நுரையீரலில் தங்கி ஆல்ஃபா கதிர் வீசும்.

11. செனான் மட்டும் சேர்மம் தருகிறது என்று முதலில் யாருக்குத் தோன்றியது?

வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1933-இலேயே செனான் ஃபுளூரைடுகள் சாத்தியம் என்று கணித்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் யோஸ்ட்டும் கேயும் மின்னிறக்கம் செலுத்திப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அதோடு அந்தக் கதவு முப்பது ஆண்டு மூடிக்கிடந்தது.

திறந்தவர் வான்கூவரில் இருந்த நீல் பார்ட்லெட். பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுவதை அவர் கண்டிருந்தார். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றல் 1165, செனானுடையது 1170. கிட்டத்தட்ட ஒன்றே! 1962 மார்ச் 23 அன்று சிவப்பு நிற ஹெக்ஸாஃபுளூரைடு ஆவியையும் நிறமற்ற செனானையும் கலந்தார். அறை வெப்பநிலையிலேயே மஞ்சள்–ஆரஞ்சுத் திண்மம் படிந்தது. ஓர் அட்டவணையில் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்ததில் பிறந்த கண்டுபிடிப்பு இது. மாணவர்கள் அயனியாக்கும் ஆற்றலை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல் இப்படி ஒப்பிட்டுப் பழக வேண்டும் என்பது எங்கள் ஆசை. சில மாதங்களிலேயே அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்தில் செனானையும் ஃபுளூரினையும் 1:5 விகிதத்தில் நிக்கல் கலத்தில் அடைத்து, 400 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி செனான் டெட்ராஃபுளூரைடு எடுத்தார்கள்.

12. ஏன் ஃபுளூரினோடு மட்டும்? குளோரின் ஏன் சேரவில்லை? கிரிப்டான் ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறது?

2-ஆம் பதிலின் கணக்கையே போடலாம். ஃபுளூரின் மூலக்கூறைப் பிளக்க மோலுக்கு 158 கிலோஜூல்தான் செலவு. ஒரு செனான்–ஃபுளூரின் பிணைப்பு சுமார் 133 தருகிறது, இரண்டுக்கு 266. லாபம் 108. செனான் டைஃபுளூரைடு நிலையான வெண்படிகம், 129 டிகிரியில்தான் உருகும். கிரிப்டான்–ஃபுளூரின் பிணைப்பு தருவது சுமார் 49; இரண்டுக்கு 98. நஷ்டம் 60. அதனால் கிரிப்டான் டைஃபுளூரைடைத் திரவ நைட்ரஜன் குளிரில், மின்னிறக்கம் செலுத்தித்தான் செய்ய முடிகிறது. அறை வெப்பநிலையில் தானே சிதையும். குளோரின் மூலக்கூறைப் பிளக்க 242 ஆகிறது, செனானோடு அது அமைக்கும் பிணைப்போ வலுவற்றது. இரு பக்கமும் அடி.

ஆக்சிஜனோடும் செனான் சேரும், ஆனால் நேரடியாக அல்ல. ஃபுளூரைடை நீரோடு வினைபுரியச் செய்து செனான் ட்ரைஆக்சைடு பெறலாம். அது காய்ந்தால் லேசான தட்டலில் வெடிக்கும்.

13. செனான் ஹெக்ஸாஃபுளூரைடைக் கண்ணாடிக் குடுவையில் வைக்கக் கூடாது என்பது தேர்வில் வருகிறது. ஏன்?

அது கண்ணாடியிலுள்ள சிலிக்காவைத் தாக்கி, முதலில் செனான் ஆக்சிடெட்ராஃபுளூரைடும் சிலிக்கான் டெட்ராஃபுளூரைடும் தரும். வினை தொடர்ந்தால் கடைசியில் வருவது, 12-ஆம் பதிலில் சொன்ன வெடிக்கும் ட்ரைஆக்சைடு. குடுவை அரிக்கும், உள்ளே வெடிபொருள் சேரும். நிக்கல் அல்லது டெஃப்லான் கலனே பாதுகாப்பு.

14. ஆர்கான் ஃபுளூரைடு லேசர் என்று கண் மருத்துவமனையில் சொல்கிறார்கள். ஆர்கான் சேர்மமே தராது என்றீர்களே?

அமைதி நிலையிலுள்ள ஆர்கான் தராது. மின்னிறக்கத்தில் அதன் எலக்ட்ரான் ஒன்று மேல்கூட்டுக்கு ஏறிவிட்டால் கதை வேறு: அந்த எலக்ட்ரானை விடுவிக்க 4.2 எலக்ட்ரான்வோல்ட் போதும், பொட்டாசியத்துக்கு ஆவதும் 4.3-தான். கிளர்ந்த ஆர்கான் ஒரு கார உலோகம்போல ஃபுளூரினைக் கட்டிக்கொள்கிறது. அந்த ஜோடி நானோ விநாடிகளில் 193 நானோமீட்டர் புற ஊதா ஒளியை உமிழ்ந்து அமைதி நிலைக்கு வரும். வந்ததும் பிணைப்பு இல்லை, பிரிந்துவிடும். கீழ்நிலை எப்போதும் காலியாக இருப்பதால்தான் லேசர் ஓடுகிறது. லாசிக் சிகிச்சையில் கருவிழியைச் செதுக்குவது இந்த ஒளி.

சாதாரண ஆர்கானைக் கொண்ட நடுநிலை மூலக்கூறு ஒன்றை 2000-இல் ஹெல்சிங்கியில் செய்தார்கள்: உறைந்த ஆர்கானில் ஹைட்ரஜன் ஃபுளூரைடைப் பொதித்துப் புற ஊதா ஒளி பாய்ச்சிக் கிடைத்தது. மிகக் கடுங்குளிரில் மட்டுமே நிலைக்கும்.

15. அப்படியானால் ஹீலியம் சேர்மம் உண்டா, இல்லையா? இணையத்தில் இரண்டையும் சொல்கிறார்கள்.

எதைச் சேர்மம் என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்று: ஹீலியம் ஹைட்ரைடு அயனி. ஹைட்ரஜன் அணுக்கரு ஹீலியத்தின் எலக்ட்ரான் ஜோடியைப் பங்கிட்டுக்கொள்கிறது. இது உண்மையான பிணைப்பு. 1925-இல் ஆய்வகத்திலும், 2019-இல் என்ஜிசி 7027 என்ற கோள்வடிவ நெபுலாவிலும் கண்டிருக்கிறார்கள். ஆனால் புட்டியில் அடைக்க முடியாது. வேறு எந்த மூலக்கூறைத் தொட்டாலும் அந்தப் புரோட்டானைக் கொடுத்துவிடும்.

இரண்டு: 2017-இல் அறிவிக்கப்பட்ட சோடியம்–ஹீலியம் படிகம். இரண்டு சோடியத்துக்கு ஒரு ஹீலியம். சுமார் 11 லட்சம் வளிமண்டல அழுத்தத்துக்கு மேலேதான் நிலைக்கும். அதிலும் ஹீலியம் எலக்ட்ரானைக் கொடுக்கவோ வாங்கவோ இல்லை. படிக இடைவெளியில் அமர்ந்து மின்சுமைகளை ஒன்றிலிருந்து ஒன்று மறைத்து அமைப்பைத் தாங்குகிறது. மூன்றாவதாக, கார்பன்-60 பந்துக்குள்ளோ பனிக்கட்டிக் கூண்டுக்குள்ளோ சிக்கிய ஹீலியத்தைச் சொல்வார்கள். அது சிறைதான், பிணைப்பல்ல. சாதாரண வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில் கையில் எடுக்கக்கூடிய ஹீலியம் சேர்மம் எதுவும் இல்லை என்று தேர்வில் தைரியமாக எழுதலாம்.

16. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் கிரையோஜெனிக் எஞ்சினுக்கு (கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் ஓடும் ராக்கெட் எஞ்சின்) ஹீலியம் பயன்படுத்துகிறார்கள். ஆர்கான் மலிவாயிற்றே, அதை விடக் கூடாதா?

திரவ ஹைட்ரஜன் 20 கெல்வினில் இருக்கிறது. அதன் குழாயில் ஆர்கானை விட்டால் 84 கெல்வினிலேயே உறைந்து கல்லாகி வால்வை அடைத்துவிடும். நைட்ரஜன் 63-இல், நியான் 24.6-இல் உறையும். அந்தக் குளிரிலும் வாயுவாக நின்று, எரியவும் செய்யாமல் இருப்பது ஹீலியம் ஒன்றே.

17. மந்தத்தில் முதலிடம் ஹீலியத்துக்கா, நியானுக்கா? 118-ஆம் தனிமமும் மந்த வாயுவா?

அயனியாக்கும் ஆற்றலைப் பார்த்தால் ஹீலியம். செய்துகாட்டிய சேர்மங்களைப் பார்த்தால் நியானுக்கே இடம் தரத் தோன்றுகிறது: அதற்கு நடுநிலைச் சேர்மம் எதுவும் இதுவரை இல்லை. ஹீலியத்தைவிட எலக்ட்ரானை விடுவது சற்று எளிது என்றாலும், நியானின் நிரம்பிய பி ஆர்பிட்டால்கள் நெருங்கி வரும் அணுவின் எலக்ட்ரான்களைத் தள்ளிவிடுகின்றன.

118, ஒகனெசன். விரல்விட்டு எண்ணும் அளவு அணுக்களே உண்டாக்கப்பட்டிருக்கின்றன. அரை ஆயுள் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. இதன் வேதியியலைக் கணக்கீட்டில் மட்டுமே அறிய முடிகிறது. அந்தக் கணக்குகள், அது அறை வெப்பநிலையில் திண்மமாக இருக்கும், எலக்ட்ரானை வாங்கவும் செய்யும் என்கின்றன. 2-ஆம் பதிலில் பார்த்த படிநிலையில் கீழே இறங்க இறங்கப் பிடி தளர்ந்துகொண்டே வந்ததல்லவா? 18-ஆம் தொகுதியில் இருந்தும், அது வாயுவாகவும் இருக்காது, மந்தமாகவும் இருக்காது என்றே எதிர்பார்க்கிறார்கள்.